முட்டையை எந்தப் பக்கம் உடைப்பது?

காலை நிகழ்ச்சியில் தினமும் ஓர் ஆங்கிலச் சொல்லுக்குக் கதை சொல்வேன். போன வாரம் எடுத்துக்கொண்டது ‘லில்லிபுட்டியன்’. மிகச் சிறியது என்று ஒரு பொருள். அற்பமானது என்று இன்னொரு பொருள்.

ஜோனதன் ஸ்விஃப்ட் 1726இல் வெளியிட்ட ‘கலிவரின் பயணங்கள்’ நாவலில் பிறந்த சொல் இது. (‘யாஹூ’வும் அதே நாவலில் பிறந்ததுதான். அதை இன்னொரு நாள் பார்ப்போம்.) கப்பல் உடைந்து கலிவர் கரை ஒதுங்கும் லில்லிபுட் தீவில் மனிதர்கள் ஆறு அங்குல உயரம்தான். அவர்கள் கலிவரைக் கயிற்றால் கட்டிப்போட்ட படத்தைப் பார்த்து, குழந்தைக் கதை என்று நம்மில் பலர் புத்தகத்தை மூடியிருப்போம்.

ஆனால், அந்தக் குள்ளர்களின் சண்டை எதற்கு தெரியுமா? முட்டையைப் பெரிய முனையில் உடைப்பதா, சிறிய முனையில் உடைப்பதா என்பதற்குத்தான்! பெரிய முனையில் உடைத்த இளவரசனின் விரலில் வெட்டுப்பட்டுவிட, இனி எல்லாரும் சிறிய முனையில்தான் உடைக்க வேண்டுமென அரசர் சட்டம் போடுகிறார். அதற்குப் பணியாமல் 11,000 பேர் உயிரை விடுகிறார்கள். பக்கத்துத் தீவோடு போரும் மூள்கிறது. கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் பூசலைத்தான் ஸ்விஃப்ட் இப்படிக் கிண்டலடித்தார். அவரே டப்ளின் தேவாலயம் ஒன்றில் தலைமைக் குரு!

என் தொழிலிலும் அந்த முட்டை உண்டு. கணினியில் பைட்டுகளை எந்த முனையிலிருந்து அடுக்குவது என்ற சர்ச்சைக்கு, டேனி கோஹன் என்ற கணினி அறிஞர் 1980இல் அந்த முட்டைக் கட்சிகளின் பெயரையே சூட்டினார். நாங்கள் ஒலிப்பதிவு செய்யும் ‘வேவ்’ கோப்பு சிறுமுனைக் கட்சி. ஆப்பிளின் ‘ஏஐஎஃப்எஃப்’ பெருமுனைக் கட்சி. முனையை மாற்றிப் படித்தால் பாட்டு வராது, இரைச்சல்தான் வரும்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். அப்பா வானொலிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

அவரும் பெரியப்பாவும் பேசி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அக்காவின் கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பாவின் பெயர் மேலே வராமல் கீழே வந்துவிட்டது, அவ்வளவுதான். ஒரே தாமான், இரண்டு தெரு தள்ளி வீடு. தீபாவளி முறுக்குகூட அந்தப் பக்கம் போவதில்லை.

“எங்க கதையைத்தான் சொன்னியாம்மா?” என்றார் அப்பா.

“ஐயோ, இல்லப்பா.” உண்மையிலேயே ஒலிவாங்கி முன்னால் எனக்கு அந்த நினைப்பே வரவில்லை.

“உனக்கு அது சின்ன விஷயம். அண்ணனுக்கு அப்படி இல்லையே...” என்றவர், அதற்குமேல் பேசாமல் வானொலியை அணைத்தார்.

அடுத்த மாதம் பெரியப்பாவுக்கு மூட்டு அறுவை சிகிச்சை. எந்த மருத்துவமனை, என்ன தேதி என்று அன்று மாலை அம்மாவிடம் விசாரித்தாராம்.