மண்ணில் உண்டு, வரைபடத்தில் இல்லை

மாணவர்களே, இரவெல்லாம் மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் உங்கள் தாத்தா வெறுங்காலோடு மரவள்ளிக் கொல்லையில் மண்வெட்டி பிடிக்கிறாரா? சுங்கை சிப்புட், பீடோர் பக்கம் பழைய ரப்பர்த் தோட்டங்களில் இருப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. அந்தத் தாத்தாவுக்கு நீரிழிவும் இருந்தால், இந்தக் கட்டுரையை அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

நம் வட்டாரத்தின் ஈர மண்ணிலும் சேற்று நீரிலும் பர்க்கோல்டேரியா சூடோமல்லீ என்ற பாக்டீரியா வாழ்கிறது. காலிலுள்ள சிறு வெட்டுக்காயம் போதும், அது உடலுக்குள் நுழைந்துவிடும். மூச்சு வழியாகவும் குடிநீர் வழியாகவும்கூடப் போகும். ஆரோக்கியமான பலருக்கு ஒன்றும் ஆவதில்லை. நீரிழிவு, சிறுநீரக நோய், மிதமிஞ்சிய குடிப்பழக்கம் உள்ளவர்களிடம்தான் அது பெரும்பாலும் தன் வேலையைக் காட்டும். நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கிருமி இரத்தத்தில் கலந்துவிடுகிறது. நுரையீரல் அழற்சி வரலாம், கல்லீரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டிகள் தோன்றலாம். இந்த நோய்க்கு மெலியோய்டோசிஸ் என்று பெயர். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி மலேசிய இந்தியர்களில் வயது வந்தோரில் சுமார் 31 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருக்கிறது. ஆகவே இது யாரோ ஒருவருடைய நோய் அல்ல.

இதைக் கண்டுபிடிப்பது எப்படி? காய்ச்சலோடு மருத்துவமனைக்கு வருபவரின் கையிலிருந்து, ஒரு புட்டிக்கு 8 முதல் 10 மில்லிலிட்டர் வரை இரத்தம் எடுப்பார்கள். ‘இவ்வளவு எதற்கு?’ என்று பலர் முகம் சுளிப்பார்கள். ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் ஒரே ஒரு கிருமிதான் இருக்கலாம், சில வேளை அதுகூட இருக்காது. குறைவாக எடுத்தால் கிருமி ஊசிக்குள் வராமலே போய்விடும். புட்டிக்குள் கிருமிக்கு வேண்டிய உணவுக் கரைசல் இருக்கிறது. உடல் சூட்டுக்கு நெருக்கமான வெப்பத்தில் ஐந்து நாள் வரை இயந்திரத்தில் வைத்திருப்பார்கள். கிருமி பெருகினால் கார்பன் டைஆக்சைடு வெளிவரும். அதை உணர்ந்து இயந்திரம் எச்சரிக்கும். பிறகு அந்தக் கரைசலைத் தட்டில் தடவி வளர்ப்பார்கள். முதலில் சாதாரணமாகத் தெரியும் இந்தக் கிருமிக் கூட்டம், சில நாள் போனால் உலர்ந்து சுருங்கிய தோல்போல ஆகும். அதுவரை பொறுக்காமல், ‘வெளியிலிருந்து கலந்த ஏதோ ஒரு கிருமி’ என்று தட்டைக் குப்பையில் போட்டுவிடும் ஆய்வுக்கூடங்களும் உண்டு. இரத்தம், சளி, சிறுநீர் என எல்லாவற்றையும் வளர்த்துப் பார்த்தாலும், ஐந்து நோயாளிகளில் இருவரிடம் கிருமி பிடிபடாமல் போகலாம் என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள்.

1911இல் ரங்கூனில் ஆல்ஃப்ரெட் விட்மோர் என்ற மருத்துவரும் அவருடைய உதவியாளர் சி.எஸ். கிருஷ்ணசாமியும் இறந்தவர்களின் உடல்களை அறுத்துச் சோதித்தபோது இந்த நோயை முதன்முதலில் கண்டார்கள். (பெயரைப் பார்த்தால் அந்த உதவியாளர் நம் பக்கத்துக்காரராக இருக்கலாம். அவரைப் பற்றி யாராவது விரிவாக எழுத வேண்டும்.) மெலியோய்டோசிஸ் என்ற பெயரை 1921இல் வைத்தவர்கள் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஸ்டான்டனும் ஃபிளெட்சரும். ஆக, நோய்க்குப் பெயர் சூட்டிய ஊர் நம் நாட்டில்தான் இருக்கிறது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் விசித்திரம். நோய் முதலில் தெரியவந்த பர்மாவிலிருந்து பல பத்தாண்டுகளுக்கு அதைப் பற்றிய அறிக்கைகள் மிக அரிதாகவே வந்தன. கிருமி மண்ணைவிட்டுப் போய்விட்டதா? இல்லை. அதைத் தேடிப் பார்க்கும் வசதிதான் குறைந்துபோனது. வடகிழக்குத் தாய்லாந்திலும் ஆஸ்திரேலியாவின் டார்வினிலும் நல்ல ஆய்வுக்கூடங்களும் அக்கறையுள்ள மருத்துவர்களும் இருந்தார்கள். அங்கே நோய் ‘அதிகம்’.

ஒரு கணக்குப் போடுவோம். இரண்டு ஊர்கள், ஒவ்வொன்றிலும் ஒரு லட்சம் பேர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஊரில் 1,000 பேரின் இரத்தத்தைச் சோதித்து 12 பேரிடம் கிருமியைக் கண்டார்கள். இரண்டாம் ஊரில் 50 பேரைச் சோதித்து ஒருவரிடம் கண்டார்கள். பன்னிரண்டா பெரிது, ஒன்றா? நோயாளிகளை மட்டும் எண்ணினால் முதல் ஊர். சோதித்தவர்களோடு சேர்த்துப் பார்த்தால் அங்கே 1.2 விழுக்காடு, இரண்டாம் ஊரில் 2 விழுக்காடு. இதுவும் முழு விடையல்ல. இரண்டாம் ஊரில் மிக மோசமான நோயாளிகளை மட்டும் சோதித்திருக்கலாம். அதனால்தான் நாடுகள் தங்கள் எண்களை ஒப்பிடுமுன், யாரிடம் எப்போது இரத்தம் எடுப்பது, எத்தனை பேரைச் சோதித்தோம், அந்த வட்டாரத்தின் மக்கள்தொகை என்ன என்பதையெல்லாம் ஒரே முறையில் பதிய வேண்டியிருக்கிறது. தாய்லாந்தின் உபோன் ராட்சத்தானியில் அப்படிப் பொறுமையாகப் பதிந்தார்கள். 1997 முதல் 2006 வரை ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்குச் சராசரியாக 12.7 நோயாளிகள் என்று அவர்களால் சொல்ல முடிந்தது.

2016இல் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து 22,000க்கும் அதிகமான பதிவுகளைத் திரட்டினார்கள். மனிதர்கள், விலங்குகள், மண் என எங்கெல்லாம் இந்தக் கிருமி அகப்பட்டதோ அந்த இடங்கள் எல்லாம் அதில் இருந்தன. மழை, வெப்பம், மண்வகை ஆகியவற்றோடு பொருத்திப் பார்த்து, உலகில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,65,000 பேருக்கு நோய் வருகிறது, 89,000 பேர் இறக்கிறார்கள் என்று மதிப்பிட்டார்கள். நோய் இருப்பது தெரிந்த நாடுகள் 45. அதோடு, ஒரு நோயாளிகூடப் பதிவாகாத இன்னும் 34 நாடுகளிலும் அது இருக்கக்கூடும் என்றார்கள்.

வெளிநாட்டு முறையை அப்படியே எடுத்துப் போட்டாலும் ஏமாறுவோம். இந்தக் கிருமியை ஜென்டாமைசின் மருந்து பொதுவாகக் கொல்லாது. ஆகவே மற்றக் கிருமிகளை ஒழித்து இதை மட்டும் வளர்க்க, ஜென்டாமைசின் கலந்த தட்டுகளை உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் சரவாக்கின் மத்தியப் பகுதியில் கிடைத்த கிருமிகளில் பெரும்பாலானவை அதே மருந்துக்கு மடிபவை என்று 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. அங்கே அந்தத் தட்டில் வளர்த்தால் நோய் ‘இல்லை’ என்றுதான் விடை வரும்.

ஒத்துழைப்பு பலன் தந்த கதையும் உண்டு. 2021இல் அமெரிக்காவில் வெவ்வேறு மாநிலங்களில் நான்கு பேருக்கு இந்த நோய் வந்தது. இருவர் இறந்தார்கள். நால்வரில் யாரும் வெளிநாடு போனவர்கள் அல்ல. அவர்களிடமிருந்த கிருமியின் மரபணுத் தொகுதியை, சுமார் 72 லட்சம் எழுத்துகளை, பல நாடுகளில் சேகரித்த கிருமிகளோடு ஒப்பிட்டார்கள். நான்கும் ஒன்றுபோலவே இருந்தன. அவற்றின் உறவினர்கள் தெற்காசியாவில் இருந்தார்கள். அந்தத் தடத்தில் தேடியபோது, ஒரு நோயாளியின் வீட்டிலிருந்த வாசனைத் தெளிப்பான் புட்டியில் அதே கிருமி சிக்கியது. அது இந்தியாவில் தயாரானது. நாடு நாடாகக் கிருமிகளைச் சேகரித்து வைத்திராவிட்டால் எந்தத் திசையில் தேடுவது?

தாத்தாவிடம் திரும்புவோம். சேற்றில் இறங்கும்போது ரப்பர் பூட்ஸ், காலில் காயம் இருந்தால் வேலைக்கு விடுமுறை. காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம், ‘இவருக்கு நீரிழிவு உண்டு, போன வாரம் மண்வேலை செய்தார்’ என்று நீங்களே சொல்லுங்கள். இந்த நோய்க்கு ஊசிவழி மருந்து குறைந்தது பத்து நாளாவது ஏற்ற வேண்டும். பிறகு மூன்று மாதம்போல மாத்திரை. வழக்கமான பல மருந்துகள் இதனிடம் பலிக்காது. நீங்கள் சொன்ன அந்த ஒரு வரி சோதனைப் படிவத்தில் ஏறினால், ஆய்வுக்கூடத்தில் இருப்பவர் தட்டைக் குப்பையில் போடாமல் இன்னும் சில நாள் வைத்துப் பார்ப்பார்.