இந்த கேஸ் லைட்டுக்கு என்ன வயசு?

ராமநாதபுரம், பரமக்குடி, சாயல்குடி பக்கம் எந்தப் பழைய பித்தளைக் கடைக்குள் நுழைந்தாலும் மூலையில் ஒரு பெட்ரோமாக்ஸ் கிடக்கும். "ஜெர்மன் சரக்கு சார், நூறு வருஷம் இருக்கும்" என்பார் கடைக்காரர். எல்லாக் கடையிலும் அதே நூறு வருஷம்தான். அந்த நூறு வருஷத்தை எப்படிச் சரிபார்ப்பது என்பதுதான் இந்தக் குறிப்பு.

இதுக்குப் போய் இவ்வளவு மெனக்கெடணுமா என்று கேட்கலாம். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய வள்ளி திருமணம், பவளக்கொடி எல்லாம் எங்கள் பக்கத்துத் திருவிழாக்களில் இன்றும் விடிய விடிய நடக்கின்றன. இந்த ஸ்பெஷல் நாடகத்தில் கம்பெனி என்று ஒன்று கிடையாது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பேசி வருகிறவர்கள். சீன், மைக், விளக்கு எல்லாமே வாடகை. கணக்குப் புத்தகம், போட்டோ எல்லாம் யாரும் கட்டிக் காக்கவில்லை. கரண்ட் வராத காலத்தில் இந்த மேடைகளில் எப்படிப்பட்ட வெளிச்சம் விழுந்தது என்பதற்கு மிச்சமிருக்கிற நேரடிச் சாட்சி இந்த விளக்குகள். அவையும் இப்போது கிலோ கணக்கில் உருக்கப் போகின்றன.

முதலில் விளக்கு வேலை செய்கிற விதம். தொட்டியில் மண்ணெண்ணெய். பம்பு அடித்துக் காற்றழுத்தம் ஏற்றினால் எண்ணெய் மேலே ஏறி, சூடான குழாயில் ஆவியாகி, ஊசித்துளை வழியாகச் சீறி, காற்றோடு கலந்து மேண்டிலில் எரியும். கண்ணைக் கூசுகிற வெள்ளை வெளிச்சம் சுடரிலிருந்து வருவதில்லை, மேண்டிலிலிருந்து வருகிறது. பற்றவைத்த பிறகு மேண்டில் வெறும் சாம்பல் கூடுதான், விரல் பட்டால் பொடிப்பொடியாகிவிடும். 'வைதேகி காத்திருந்தாள்' (1984) பார்த்த எல்லோருக்கும் இது தெரியும்.

அந்தக் கூடு பெரும்பாலும் தோரியம் ஆக்சைடு, கூடவே ஒரு சதவீத அளவுக்கு சீரியம் ஆக்சைடு. இந்தக் கலவையை 1891-இல் கண்டுபிடித்தவர் ஆஸ்திரியாவின் கார்ல் ஆவர் ஃபோன் வெல்ஸ்பாக். தோரியத்துக்கு மோனசைட் மணல் வேண்டும். 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் அதைத் திருவிதாங்கூர் கடற்கரையில் கண்டறிந்தார். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் தொழில் அப்படித்தான் தொடங்கியது. ஜெர்மன் விளக்கு என்கிறோம், அதன் வெளிச்சத்துக்கான மணல் நம்ம கரையிலேயே கிடந்திருக்கிறது!

ஆனால் மேண்டிலை வைத்து வயது சொல்ல முடியாது, அடிக்கடி மாற்றுகிற பொருள் அது. கண்ணாடி, வாஷர், ஊசி, பம்பு எல்லாம் அப்படியே. எங்கள் தொழிலில் சொல்வதென்றால் இது பல வருஷமாக ஓடுகிற சர்வர் மாதிரி. உள்ளே எல்லாம் மாறியிருக்கும், ஆனால் பெட்டி மட்டும் பழசு. ஆகவே "விளக்கின் வயது என்ன?" என்று கேட்பதைவிட, ஒவ்வொரு பாகத்தையும் தனியாக எடுத்து "நீ எந்த வருஷத்துக்கு முன்னால் இருந்திருக்கவே முடியாது?" என்று கேட்பது நல்லது. தொட்டிதான் கடைசியாக மாறும் பாகம், அதனால் விசாரணையை அங்கே ஆரம்பிக்கலாம்.

தொட்டியில் 'பெட்ரோமாக்ஸ்' என்றிருப்பதாலேயே அது பெர்லினில் எரிஹ் & கிரேட்ஸ் கம்பெனி செய்தது என்று ஆகாது. நம் ஊரில் பம்பு அடிக்கிற எல்லா விளக்குக்கும் அதுதான் பேர். சீனாவிலும் இந்தியாவிலும் அதே அமைப்பில் நிறைய செய்தார்கள். நாட்டுப் பெயரைப் பாருங்கள். 'மேட் இன் ஜெர்மனி' மட்டும் இருந்தால் பெரிதாக உதவாது, பிரிட்டனின் 1887-ஆம் வருஷத்துச் சரக்குக் குறிச் சட்டத்திலிருந்தே அந்த வாசகம் புழக்கத்தில் இருக்கிறது. 'வெஸ்டர்ன் ஜெர்மனி' என்றால் விஷயம் வேறு. அந்த நாடு 1949-இல் உருவானது, 1990-இல் கிழக்கோடு இணைந்தது. அந்த முத்திரை உள்ள விளக்குக்கு இன்று நூறு வயது ஆக வழியே இல்லை.

ஐஎஸ்ஐ முத்திரை 1955-க்குப் பிறகு வந்தது. இந்தியத் தயாரிப்பில் முகவரி இருந்தால் அது புதையல். ஆறு இலக்கப் பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-இல் வந்தது. 'மெட்ராஸ்-1' என்று சும்மா இருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தையது (பழைய அச்சையே வைத்து ஓட்டியவர்களும் உண்டு, கவனம்). 'சென்னை' என்று ஆங்கிலத்தில் இருந்தால் 1996-க்குப் பிறகு என்று கிட்டத்தட்ட துணிந்து சொல்லலாம்.

முலாமும் பேசும். நிக்கல் லேசான மஞ்சள் சாயலில் இருக்கும், குரோமியம் நீலம் கலந்த பளபளப்பு. குரோமிய முலாம் வியாபார அளவில் பரவியது 1920-களின் நடுவில்தான். எங்கள் ஊர் உப்புக்காற்றில் இரண்டுமே உரியும். அடியில் பித்தளை இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் துத்தநாகம் அரித்துப்போய்ச் செம்பு மிஞ்சியிருக்கிறது என்று அர்த்தம். அது வயதைக் காட்டாது, கடலுக்குப் பக்கத்தில் இருந்ததைக் காட்டும்.

சரி, இது மேடையில் எரிந்ததா, கல்யாண ஊர்வலத்தில் தலையில் போனதா? நான் பார்த்தவரை, தலையில் சுமந்த விளக்குக்கு அடி வளையம் நசுங்கியிருக்கும். மேடையில் தொங்கியதற்குக் கைப்பிடிக் கம்பியின் நடுவில், கொக்கி மாட்டிய ஒரே இடத்தில் தேய்மானம். பார்வையாளர் கண் கூசாமலிருக்க ஒரு பக்கம் தகரம் கட்டிய தடமும் இருக்கலாம். தொட்டியின் அடியைக் கட்டாயம் திருப்பிப் பாருங்கள். பாத்திரத்தில் பேர் வெட்டுவதுபோல வாடகைக் கடைக்காரர்கள் இதிலும் வெட்டியிருப்பார்கள்.

மின்விளக்குகளுக்கும் இதே கேள்விதான். பெரிய அரங்குகளில் லண்டன் ஸ்ட்ராண்ட் எலக்ட்ரிக் கம்பெனியின் ஸ்பாட் லைட் கண்ணில் பட்டால் தகட்டைப் படியுங்கள். 1968-இல் ராங்க் நிறுவனம் அதை வாங்கியது, 'ராங்க் ஸ்ட்ராண்ட்' என்றிருந்தால் அதற்குப் பிந்தையது. நம்மூர்த் தகரப்பெட்டி ஃபோகஸ் லைட்டில் தகடே இருக்காது. அங்கே ஸ்க்ரூவைப் பார்க்க வேண்டும். கூட்டல்குறித் தலை என்றால் 1930-களின் நடுப்பகுதிக்குப் பிந்தையது. நீளக்குச்சி ஹாலோஜன் பல்புக்கான பிடி பெட்டியோடு சேர்த்தே அமைந்திருந்தால் 1960-களுக்கு முன்னால் போகாது. வயரை நம்பாதீர்கள், அதை எத்தனை பேர் மாற்றினார்களோ.

என்னிடம் இருப்பது பரமக்குடியில் 'நூறு வருஷம்' என்று வாங்கியது. தொட்டி வெஸ்டர்ன் ஜெர்மனி. மேல்தொப்பி பின்கோடு உள்ள இந்தியத் தயாரிப்பு. ஆக 1949-க்குப் பிறகு பிறந்து, 1972-க்குப் பிறகும் காசு போட்டுப் பழுதுபார்க்கிற அளவுக்கு உழைத்த விளக்கு. கைப்பிடியில் கொக்கித் தேய்மானம். அடியில் மூன்று இனிஷியலும் 12 என்ற எண்ணும் வெட்டியிருக்கிறது. அப்படியானால் அந்தக் கடையில் பன்னிரண்டு விளக்காவது இருந்திருக்க வேண்டும். ஒரே ஊர்த் திருவிழாவுக்கு அத்தனையும் போயிருக்குமா, நாலு ஊருக்குப் பிரிந்து போயிருக்குமா? மற்ற பதினொன்றில் ஒன்று கிடைத்தால்கூட அதன் தேய்மானத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம். உங்கள் வீட்டுப் பரணில் இப்படி ஒன்று இருந்தால், புளி போட்டுத் துலக்குவதற்கு முன்னால் அடிப்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். மெலிசாக வெட்டிய எழுத்து நாலு தடவை துலக்கினால் போய்விடும்.

என் விளக்கை நான் இன்னும் துலக்கவில்லை. வீட்டில் அதற்குத் திட்டு விழுந்துகொண்டுதான் இருக்கிறது.