நாலு மணிப் பசியும் சர்க்கரை நோயும்



மலருக்குக் கவிதை கேட்டார்கள். எனக்குக் கவிதை வராது. தெரிந்த விஷயம் ஒன்றை எழுதுகிறேன். என் அப்பா விசைத்தறித் தொழிலாளி. மூன்று வருடமாகச் சுகர். வீட்டில் மாத்திரை அட்டையைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். அதனால் இந்தப் பாடமும் என் தலையில் விழுந்தது. 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு இந்த நோய் உண்டு. உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கலாம்.

உடம்பில் ஒரு கவர்னர்

என்ஜினில் கவர்னர் என்ன செய்கிறது? வேகம் ஏறினால் எரிபொருளைக் குறைக்கிறது, இறங்கினால் கூட்டுகிறது. இரத்தத்தில் சர்க்கரை ஏறும்போது அதை இறக்குகிற வேலை இன்சுலினுடையது. சர்க்கரை நோயில் இன்சுலின் போதாது, அல்லது சுரந்தும் சரியாக வேலை செய்யாது. கவர்னர் மந்தமான என்ஜினில் எரிபொருளை ஒரேயடியாகத் திறந்துவிடலாமா? கூடாது அல்லவா? தின்பண்டமும் அப்படித்தான். மைதா, சர்க்கரை, ஜூஸ் எல்லாம் சீக்கிரம் இரத்தத்தில் கலக்கும். நார்ச்சத்தும் புரதமும் உள்ளவை மெதுவாகக் கலக்கும்.

டீக்கடைக் கணக்கு

ஒரு நாளைக்கு நாலு டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை. ஒரு ஸ்பூன் சுமார் 5 கிராம் என்றால் மொத்தம் 40 கிராம். நோய் இல்லாதவர்களே 25 கிராமுக்குள் நிறுத்தினால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது. கூடவே ரஸ்க், பன், போண்டா!

"வெல்லம் போட்டுக்கலாமே, கருப்பட்டி நல்லதாச்சே" என்பார்கள். இரண்டிலும் பெரும்பகுதி சர்க்கரைதான். "சுகர் ஃப்ரீ" பிஸ்கட்டில் சர்க்கரை இல்லாவிட்டாலும் மாவு இருக்கிறது. பாக்கெட்டைத் திருப்பிக் கார்போஹைட்ரேட் எவ்வளவு என்று பாருங்கள்.

எதைத் தின்னலாம்?

அவித்த கொண்டைக்கடலை அல்லது தட்டைப்பயறு சுண்டல், ஒரு சின்னக் கிண்ணம். வேர்க்கடலை ஒரு கைப்பிடி; அது 30 கிராம் இருந்தாலே சுமார் 170 கலோரி, ஆகவே பொட்டலத்தைக் காலி செய்யக் கூடாது. முளைகட்டிய பயறு, வெள்ளரிக்காய், சர்க்கரை போடாத மோர். பழம் என்றால் செங்காயாக ஒரு கொய்யா. ஜூஸ் வேண்டாம், பிழிந்து வடிகட்டினால் நார்ச்சத்து போய்விடும். சிறுநீரகக் கோளாறும் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

பட்டினியும் ஆபத்து

போன வருடம் இரவு ஷிப்டில் அப்பா மாத்திரையைப் போட்டுக்கொண்டு, "நூல் அறுந்து கிடக்கு, அப்புறம் சாப்பிடலாம்" என்று இருந்துவிட்டார். கை நடுங்கியது. சட்டை நனைய வியர்த்தது. பேச்சு குழறியது. "குடிச்சிட்டு வந்திருக்கான்" என்று ஓரமாக உட்கார வைத்துவிட்டார்கள். அப்பா குடிப்பழக்கமே இல்லாதவர். நல்ல வேளை, பக்கத்துத் தறி அண்ணனின் அம்மாவுக்கும் சுகர். அவர் புரிந்துகொண்டு சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார். கால் மணி நேரத்தில் அப்பா தெளிந்தார்.

இதற்குத் தாழ்சர்க்கரை என்று பெயர். இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே போவது. இன்சுலின் போடுபவர்களுக்கும், சில வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் சாப்பாடு தள்ளிப்போனால் வரும். அந்த நேரத்தில் சுண்டல் உதவாது. அது மெதுவாகக் கலக்கும் என்று பார்த்தோமே! மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் மறுபடி கொடுக்க வேண்டும். தெளிந்ததும் சாப்பாடு. மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

இப்போது அப்பாவின் சட்டைப் பையில் இரண்டு பொட்டலம் இருக்கும். ஒன்றில் வறுகடலை, பசிக்கு. இன்னொன்றில் சர்க்கரை, ஆபத்துக்கு.

நண்பர்களே, நம்மில் பல பேர் வீட்டில் நாம்தான் முதல் படிப்பாளி. டிப்ளமோ கைக்கு வர இன்னும் நாள் இருக்கிறது. அதற்கு முன்பே செய்யக்கூடிய வேலை இது. இன்றைக்கே வீட்டில் உள்ள மாத்திரை அட்டையையும் பிஸ்கட் பாக்கெட்டையும் எடுத்து, பெரியவர்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.

— இரண்டாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் பிரிவு