கர்ப்பத்தின் தொடக்கத்தில் இரத்தம் பட்டால்

கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் கூடிக் களனி கங்கையாகும் பொல்பிட்டியப் பக்கத்தில், மழை பலத்தால் முதலில் அடைபடுவது பாதைதான். அந்த நேரம் பார்த்து மூன்று மாதக் கர்ப்பிணிக்கு இரத்தம் பட்டால் வீடே கலங்கிப்போகும். 2025 நவம்பரில் டித்வா சூறாவளியோடு வந்த மண்சரிவுகளால் மலையகத்தில் பல குடும்பங்கள் வீட்டையும் பயிரையும் விட்டு வெளியேற நேர்ந்தது. அப்படி இடம்பெயர்ந்த தாய்மாருக்கு இந்தக் கலக்கம் இரட்டிப்பாகிறது. "பிள்ளை தங்குமா? நஞ்சுக்கொடி கீழே இருக்கிறதாமே?" என்ற இரண்டு கேள்விகளுக்கும் இங்கே விளக்கம் தருகிறோம்.

எல்லா இரத்தமும் கருச்சிதைவு அல்ல

முதல் மூன்று மாதத்தில் ஏறக்குறைய நான்கு கர்ப்பிணிகளில் ஒருவருக்குச் சிறிதளவாவது இரத்தம் படுகிறது. அவர்களில் பாதிப் பேருக்கு மேல் கர்ப்பம் தொடர்கிறது. ஸ்கேனில் பிள்ளையின் இதயத் துடிப்புத் தெரிந்துவிட்டால் நம்பிக்கை இன்னும் கூடும்.

கரு கருப்பைச் சுவரில் ஒட்டும்போது இரத்தம் படலாம். கருப்பை வாயில் புண் இருந்தாலும் படலாம். அது கருச்சிதைவின் தொடக்கமாகவும் இருக்கலாம். கருப்பைக்கு வெளியே, குழாயில் கரு தங்கியிருந்தாலும் இரத்தம் படும்; இது உயிருக்கே ஆபத்தானது. எது என்று வீட்டிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. ஆகையால் கொஞ்சம் பட்டாலும் வைத்தியரிடம் காட்டத்தான் வேண்டும்.

"மூட்டை தூக்கினாய், மலை ஏறினாய், பப்பாளி தின்றாய், அதனால்தான்" என்று மருமகளைக் குற்றம் சொல்லும் மாமிமார் இருக்கிறார்கள். ஆரம்பக் கருச்சிதைவு பெரும்பாலும் கரு உருவாகும்போதே நிறமூர்த்தங்களில் ஏற்படும் குறைபாட்டால் வருவது. படுத்தே கிடந்தாலும் அதைத் தடுக்க முடியாது. உயிரைக் காக்க மூட்டையோடு ஓடிய தாய் மீது பழி போடாதீர்கள்.

நஞ்சுக்கொடி "கீழே" இருந்தால்

பிள்ளைக்கு உணவும் ஒட்சிசனும் கொண்டுபோகும் நஞ்சுக்கொடியைப் பாடநூல்கள் சூல்வித்தகம் என்கின்றன. அது கருப்பை வாய்க்கு அருகில் அமைந்தால் "கீழே இருக்கிறது" என்பார்கள். முதல் மூன்று மாதத்தில் இதை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. அந்த மாதங்களில் படும் இரத்தத்துக்கு இது காரணமாவதும் அபூர்வம்.

பிஞ்சுச் சுரைக்காயில் காம்புக்குச் சற்றுத் தள்ளி நகத்தால் ஒரு கீறல் போட்டுப் பாருங்கள். காய் வளர வளர, கீறல் காம்பை விட்டு விலகிப் போகும். கருப்பையும் அப்படித்தான். கடைசி மாதங்களில் அதன் கீழ்ப்பகுதி நீளும்போது நஞ்சுக்கொடியும் மேலே போகிறது. 20ஆவது வாரத்தில் கீழே இருந்தவற்றில் பத்துக்கு ஒன்பது பிரசவத்துக்கு முன் விலகிவிடுகின்றன. அதனால்தான் 32ஆவது வாரமளவில் மீண்டும் ஸ்கேன் செய்யச் சொல்கிறார்கள். அதைத் தவறவிடக்கூடாது.

விலகாமல் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஆறாம், ஏழாம் மாதத்துக்குப் பின் நோவில்லாமலே திடீரென்று இரத்தம் போகலாம். அத்தகைய தாய்க்குச் சத்திரசிகிச்சைப் பிரசவந்தான் பாதுகாப்பு. இரத்தம் ஏற்றும் வசதியுள்ள வைத்தியசாலையும் வேண்டும். முன்பு வயிறு வெட்டிப் பிள்ளை பெற்றவர்கள் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். நஞ்சுக்கொடி பழைய தழும்பில் ஆழமாக ஒட்டிக்கொள்ளும் ஆபத்து அவர்களுக்கு அதிகம்.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

• ஒரு மணித்தியாலத்தில் ஒரு துணி நனையும் அளவு இரத்தம்
• அடிவயிற்றில், அதுவும் ஒரு பக்கத்தில், கடும் நோவு
• தோள்பட்டை நுனியில் நோவு, தலைசுற்று, மயக்கம்
• காய்ச்சல், கெட்ட வாடையுள்ள கசிவு
• ஐந்தாம் மாதத்துக்குப் பின் எந்த அளவு இரத்தமானாலும்

இவற்றில் ஒன்று கண்டாலும் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், கட்டணம் இல்லை. வாகனம் வரமுடியாத இடமானால் தாயைப் பெரிய பாதை வரை தூக்கிச் செல்ல ஆட்களை முன்கூட்டியே பேசி வையுங்கள். கைமருந்து கொடுக்க வேண்டாம். வைத்தியர் பார்க்கும்வரை கணவன் மனைவி உறவைத் தவிருங்கள். இரத்த வகை நெகட்டிவ் என்றால் சொல்லுங்கள்; சிலருக்கு 'அன்டி-டி' ஊசி தேவைப்படும்.

இடம் மாறும்போது

தோட்டத்திலிருந்து முகாமுக்கும், முகாமிலிருந்து உறவினர் வீட்டுக்கும் மாறும்போது தாய் பழைய கிளினிக்கின் கணக்கிலிருந்து விடுபட்டுப்போகிறாள். புதிய இடத்துக்கு வந்த வாரமே அந்தப் பகுதி மிட்வைஃபைக் கண்டு பெயரைப் பதியுங்கள். கிளினிக் கொப்பி மண்ணோடு போய்விட்டதா? அதற்காகப் பேசாமல் இருக்க வேண்டாம். எத்தனையாவது பிள்ளை, கடைசி மாதவிடாய்த் திகதி, இரத்த வகை, முன்பு சத்திரசிகிச்சை நடந்ததா என்பவற்றை வாயால் சொன்னாலே புதுக் கொப்பி தொடங்கலாம். ஸ்கேனுக்கு எங்கே போவது, அவசரத்துக்கு எந்த வைத்தியசாலை என்பதையும் அன்றே கேட்டு வையுங்கள்.

கொப்பியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி அடையாள அட்டையோடு வையுங்கள். மறுபடி எழுந்து ஓட நேர்ந்தால் முதலில் கையில் எடுக்க வேண்டியது அந்தப் பையைத்தான்.