பார்வையும் பண்பாடும்

பொதுவிடத்தில் ஒருவரை உற்றுநோக்குதல் எல்லாப் பண்பாடுகளிலும் ஒரே பொருள் தருவதில்லை. அந்நியரை ஒரு கணம் பார்த்து, உடனே பார்வையை விலக்குவதை அமெரிக்கப் பொதுவாழ்வின் மரியாதையாகச் சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1963இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். தமிழ்ச் சிற்றூரிலோ புதியவரை நன்கு பார்த்து, 'எந்த ஊர்?' என வினவுவது அக்கறை, பாராமுகமே குறை. மலாய் மரபில் மூத்தோர்முன் பார்வையைத் தாழ்த்துதல் பணிவு.

மலேசியாவில் இத்தகைய வேறுபட்ட மரபுகள் ஒரே பேருந்தில் சந்திக்கின்றன. 1970இல் அறிவிக்கப்பட்ட ருக்குன் நெகாராவின் ஐந்தாம் கோட்பாடு நன்னடத்தையும் ஒழுக்கமும் ஆகும். ஆயினும், நன்னடத்தை யாது என்பதை ஒவ்வொருவரும் தத்தம் வீட்டிலேயே முதலில் கற்கின்றனர். ஆதலின், ஒருவரது பார்வையை அவரது இனத்தின் குறையென முடிவு கட்டுதல் தவறு. அதேவேளை, பார்க்கப்படுபவர் கூசினால் பார்வையை விலக்குதல் எவ்வினத்தார்க்கும் கடனாகும்.