60 எப்படி 32 ஆனது?

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படைகள் செய்திகளைச் சங்கேதமாக்கிய எனிக்மா, பார்வைக்குத் தட்டச்சுப் பொறி போலிருக்கும். ஓர் எழுத்தை அழுத்தினால் வேறோர் எழுத்துக்கான விளக்கு எரியும். உள்ளே மூன்று சக்கரங்கள். ஒவ்வொன்றுக்கும் 26 நிலைகள். அழுத்தும்போதெல்லாம் சக்கரம் நகர்வதால், அதே எழுத்தை மறுபடி அழுத்தினாலும் பெரும்பாலும் விளக்கு மாறிவிடும்.

எதிரி எத்தனை அமைப்புகளைச் சோதிக்க வேண்டும்? பள்ளியில் படிக்கும் வரிசை மாற்றக் கணக்குதான் இது. சக்கரங்கள் எந்தெந்த எழுத்தில் தொடங்கலாம் என்பதில் தடையில்லை. மூன்றும் ‘ஏ’யிலேயே நிற்கலாம். ஆகவே 26×26×26 = 17,576. ஓர் எழுத்து இருமுறை வரக்கூடாது என்றால் 26×25×24 = 15,600தான்.

சக்கரங்களை மாட்டும் வரிசை வேறு வகை. ஓரிடத்தில் மாட்டிய சக்கரம் இன்னோரிடத்துக்குக் கிடைக்காது. முதலில் மூன்றே சக்கரங்கள் இருந்ததால் 3×2×1 = 6 வரிசைகள். 1932 இறுதியில் எனிக்மாவின் உள்கட்டமைப்பைக் கணக்குப் போட்டே கண்டுபிடித்தார் போலந்தின் மரியன் ரெயெவ்ஸ்கி. என்னைக் கேட்டால் எனிக்மா கதையின் மிகப் பெரிய அறிவுச் சாதனை அதுதான். 1938 டிசம்பரில் சக்கரங்கள் ஐந்தாயின; மாட்டுவது அப்போதும் மூன்றுதான். 5×4×3 = 60. பத்து மடங்கு வேலையைப் போலந்தால் சமாளிக்க முடியவில்லை. 1939 ஜூலையில் தன் ரகசியத்தை பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் கொடுத்தது.

இதன் பிறகு நடந்ததுதான் விசித்திரம். நேற்று இருந்த இடத்தில் இன்று அதே சக்கரம் இருக்கக்கூடாது என்று ஜெர்மன் விமானப்படை விதி வகுத்தது. கேட்கப் பாதுகாப்பாகத்தான் இருக்கிறது. எண்ணிப் பாருங்கள். முதலிடத்தில் நேற்றைய சக்கரமே நிற்கும் வரிசைகள் 4×3 = 12; மூன்று இடங்களுக்கும் 36. இதை அப்படியே கழித்தால், இரண்டு இடங்கள் மாறாதவை இருமுறை கழிபடும். அதற்காக 9ஐத் திரும்பக் கூட்ட வேண்டும். மூன்றுமே மாறாத ஒன்றை இறுதியில் கழிக்க வேண்டும். 60 − 36 + 9 − 1 = 32. நேற்றைய வரிசை தெரிந்துவிட்டால், இன்றைய வேலையில் ஏறக்குறைய பாதி மிச்சம்.

சக்கரங்கள் தவிர, பொறியின் முன்பலகையில் பத்துக் கம்பிகளால் இருபது எழுத்துகளை இரண்டிரண்டாக இணைக்கும் வழிகள் மட்டுமே சுமார் 150 லட்சம் கோடி. ஆனாலும் பொறியின் அமைப்பிலேயே ஒரு தடை இருந்தது: எந்த எழுத்தும் அதே எழுத்தாக வெளிவராது. செய்தியில் ‘வானிலை’யைக் குறிக்கும் ஜெர்மன் சொல் இருக்குமென்று ஊகித்த பிரிட்டிஷார், அதைச் சங்கேத வரிக்குக் கீழே வைத்து நகர்த்தினார்கள். மேலும் கீழும் ஓர் எழுத்து ஒத்துப்போனாலும் அந்த இடம் கிடையாது. அடுத்த இடத்துக்கு நகர்ந்தார்கள்.