காரின் ஆட்டம் சொல்லும் சேதி



சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் வாங்கிய பழைய கார். அதில்தான் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். செம்மண் சாலையின் குண்டு குழிகளில் ஏறி இறங்கி, ஒருநாள் அது ஆட்டம் காட்டத் தொடங்குகிறது. பட்டறைக்குப் போகுமுன், கோளாறு எங்கே என்று நாமே ஓரளவு கண்டறியலாம். வீண் செலவு மிஞ்சும்.

சக்கரத்துக்கும் காரின் உடலுக்கும் நடுவே இரண்டு முக்கியமான உறுப்புகள் உள்ளன. சுமையைத் தாங்குவது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் ஓயாமல் துள்ளாதபடி அடக்குவது அப்சோர்பர். அப்சோர்பருக்குள் இருக்கும் எண்ணெய் சிறு துவாரங்கள் வழியே நெருக்கிக்கொண்டு போவதால் துள்ளல் தணிகிறது.

முதலில் கண்ணால் பாருங்கள். காரைச் சமதரையில் காலியாக நிறுத்துங்கள். சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே மட்கார்ட் விளிம்பு வரை, இரு பக்கமும் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் நன்றாகத் தாழ்ந்திருந்தால், ஸ்பிரிங் தளர்ந்தோ உடைந்தோ இருக்கலாம்.

அடுத்து, கையால் சோதியுங்கள். காரின் ஒரு மூலையைப் பலமாக அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். எழுந்ததும் அடங்கினால் நல்லது. இரண்டு மூன்று முறை ஊஞ்சலாடினால் அப்சோர்பர் தளர்ந்துவிட்டது எனலாம். அதன்மேல் எண்ணெய் கசிந்து, தூசி அப்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். டயரைத் தடவும்போது மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருந்தால், அதுவும் ஓர் அடையாளமே.

மூன்றாவது, காதால் கேளுங்கள். மெதுவாகப் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் 'டொக், டொக்' என்று சத்தம் கேட்டால், ரப்பர் புஷ் அல்லது பால் ஜாயிண்ட் தேய்ந்திருக்கலாம். பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரமே சாய்ந்துவிடும். ஆகவே, இந்தச் சத்தத்தை நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள்.

அப்சோர்பர் கெட்டால் உட்கார்ந்திருப்பவருக்கு அலுப்பு, அவ்வளவுதானே என்று எண்ண வேண்டாம். துள்ளும் சக்கரம் சாலையைச் சரியாகப் பற்றாது. பிரேக்கை மிதித்தாலும் கார் நிற்கக் கூடுதல் தூரம் ஓடும். மழைக்காலத்தில் ஆபத்து இன்னும் அதிகம்.

இரண்டு எச்சரிக்கைகள். ஜாக்கி மட்டும் தாங்கும் காரின் அடியில் ஒருபோதும் நுழையாதீர்கள். அப்சோர்பரை மாற்றினால், முன்பக்கமோ பின்பக்கமோ, இடமும் வலமும் சேர்த்தே மாற்றுங்கள்.

பட்டறைக்காரரிடம், "கார் சரியில்லை" என்று மட்டும் சொல்லாமல், எந்தச் சக்கரம், எப்போது, எப்படிப்பட்ட சத்தம் என்று சொல்லுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.